வேரில் ஒட்டிய குரோமியம் எங்கே போகும்?

ஆம்பூர்ப் பக்கம் தோல் தொழிலில் இருக்கும் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனால், டீ ஆறுவதற்குள் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். "ஏரியில கெடக்குற வெங்காயத்தாமரைய அள்ளிட்டு வந்து டேனரித் தண்ணில விட்டா, குரோமியத்தயெல்லாம் அதுவே உறிஞ்சிடுமாமே? அப்புறம் எதுக்கு இத்தன கோடியில பிளான்ட்டு?" போனமுறை கேட்டவர் சித்தப்பா. கையோடு ஒரு வாட்ஸப் வீடியோவையும் நீட்டினார். ஒரு தொட்டியில் கலங்கல் தண்ணீர், மறு தொட்டியில் தெளிந்த தண்ணீர், நடுவில் பச்சைப் பசேலென்று செடி.

வீடியோ பொய்யில்லை. ஆனால் தண்ணீர் தெளிந்துவிட்டது என்பதற்கும் குரோமியம் போய்விட்டது என்பதற்கும் சம்பந்தமில்லை. பளிங்கு போலிருக்கும் தண்ணீரிலும் குரோமியம் கரைந்திருக்கும். குடிநீருக்கு இந்தியத் தரநிர்ணயம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்த அளவைக் கண்ணாலோ நாக்காலோ பிடிக்க முடியாது, ஆய்வகத்தில்தான் தெரியும்.

இன்னொன்று, உலோகத்தை எதுவும் தின்று தீர்க்காது. தோலோடு வரும் ரத்தம், கொழுப்பு, மயிர், புரதம் எல்லாவற்றையும் பாக்டீரியா தின்று, பாதியைக் காற்றாக வெளியே விட்டுவிடும். துர்நாற்றம் அடித்தாலும் ஒருநாள் அந்தக் கணக்கு முடிந்துவிடும். குரோமியம் அப்படியல்ல, அது தனிமம். எரித்தாலும் புதைத்தாலும் செடி உறிஞ்சினாலும் அத்தனை கிராமும் அப்படியே இருக்கும். இடத்தை மாற்றலாம், வடிவத்தை மாற்றலாம். நம்மால் முடிந்தது அவ்வளவுதான். ஆகவே செடி குரோமியத்தை எடுக்குமா என்று கேட்பதோடு நிறுத்திவிட்டால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறோம். எடுத்த பிறகு அந்தச் செடியை யார், எங்கே கொண்டுபோய்ப் போடுவார்கள் என்பது மறுபாதி. வீடியோக்களில் அந்த மறுபாதி வருவதில்லை.

முதலில் குரோமியம் தண்ணீருக்கு எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் தோலைப் பதனிட்டதே செடிதான். ஆவாரம்பட்டையை ஊறவைத்து, அந்தச் சாற்றில் வாரக்கணக்கில் தோலைப் போட்டுவைப்பார்கள். அப்படிப் பதனிட்ட தோல் 'ஈஸ்ட் இந்தியா' என்ற பேரில் லண்டன் வரை போனது. குரோம் முறை இங்கே வந்தது 1900-களின் தொடக்கத்தில், சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் செய்த சோதனைகளின் வழியாக. அவர் அப்போது மனதில் வைத்திருந்த பொருள்களில் ஒன்று கிணற்றில் கவலை இறைக்கும் தோல் சால். தண்ணீரிலேயே கிடந்தாலும் குரோம் தோல் சீக்கிரம் இற்றுப்போகாது என்பதுதான் காரணம். விவசாயியின் கிணற்றுக்காக வந்த சரக்கு, பின்னால் அவன் கிணற்றையே கெடுத்தது. இதைச் சொன்னால் சித்தப்பா சிரிப்பார், ஆனால் மறுக்கமாட்டார்.

இன்றைக்கு டேனரிக்குள் போனால், பெரிய மர டிரம்கள் சுற்றிக்கொண்டிருக்கும். மயிர் நீக்கி, சுண்ணாம்பு கழுவி, உப்பும் அமிலமும் ஏற்றிய தோலோடு குரோம் பவுடரைக் கொட்டுகிறார்கள். கரும்பச்சை நிறம், வேதியியல் பெயர் குரோமியம் சல்பேட். சில மணி நேரம் சுற்றி முடித்ததும் தோல் வெளிர்நீலமாக வெளியே வரும். அதைத்தான் 'வெட் ப்ளூ' என்கிறார்கள். வழக்கமான முறையில், போட்ட குரோமியத்தில் ஏறக்குறைய 60 முதல் 70 விழுக்காடுதான் தோலில் ஏறுகிறது. மிச்சம் டிரம்மின் கீழ்த் துளை வழியாகப் பச்சைத் தண்ணீராக இறங்குகிறது. அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் குரோமியம் இருக்கும். சுத்திகரித்து வெளியே விடும் நீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பொதுவான விதி.

இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. டேனரியில் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். இது மந்தமான ஆள். சுண்ணாம்பைப் போட்டால் கட்டியாகி அடியில் படிந்துவிடும். ஆறு இணைதிறன் குரோமியம் வேறு ரகம்: மஞ்சளாக இருக்கும், தண்ணீரோடு தண்ணீராக ஓடும், உயிரணுவுக்குள் எளிதாகப் புகும், புற்றுநோயை உண்டாக்கும். கழிவுநீரில் இதற்கு வரம்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்தான். 1990-களில் மூடப்பட்ட ராணிப்பேட்டை குரோமேட் ஆலையின் வளாகத்தில் லட்சக்கணக்கான டன் கழிவு குவிந்துகிடந்தது. அதிலிருந்து நிலத்துக்குள் கசிந்தது இந்த இரண்டாவது வகை. அந்தப் பக்கத்து ஆட்கள் 'மஞ்சத் தண்ணி' என்று சொல்வது அதைத்தான்.

பாலாற்றுப் படுகை என்ன ஆயிற்று என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே சொல்கிறது. டேனரிகள் நிறைந்த அந்த வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனதை அந்தத் தீர்ப்பு குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக ஊன்றியதும் அதுதான். பிறகு பொது சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டுவதில் வந்த வேகத்துக்கும் அந்தத் தீர்ப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

இனி செடிக்கு வருவோம். வெங்காயத்தாமரை ஒன்றைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பாருங்கள். மேலே பளபளவென்ற இலை, காற்று அடைத்த காம்பு. கீழே கறுத்த ஊதா நிறத்தில் ஒரு முழத்துக்குக் குறையாத வேர்க்கொத்து. அதில் ஒரே ஒரு வேரைப் பிரித்து விரலில் போட்டுப் பார்த்தால், நடுவே ஒரு தண்டு, அதன் எல்லாப் பக்கமும் மெல்லிய பக்கவேர்கள் நெருக்கமாகக் கிளம்பியிருக்கும். கையில் பிசுக்குப் பிசுக்கென்று ஒட்டும். அந்தப் பிசுக்கில் பாசியும் பாக்டீரியாவும் மண்துகளும் இருக்கின்றன. உலோகத்தின் பெரும்பகுதி நிற்பது இந்த இடத்தில்தான். வேரின் செல்சுவரில் எதிர்மின்னேற்றம் உள்ள இடங்கள் நிறைய. நேர்மின்னேற்றத்தோடு வரும் உலோக அயனி அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. இதற்குச் செடி உயிரோடு இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. காய்ந்த வேரைப் பொடித்துத் தண்ணீரில் போட்டாலும் ஓரளவு ஒட்டும்.

உள்ளே போவது வேறு கதை. செடிக்குக் கந்தகம் வேண்டும், அதைச் சல்பேட்டாக உள்ளே வாங்க வேரில் தனி வாசல் வைத்திருக்கிறது. ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணீரில் குரோமேட்டாக இருக்கிறது. உருவத்தில் சல்பேட்டுக்கும் அதற்கும் அதிக வித்தியாசமில்லை. அடுத்தவன் ரேஷன் கார்டில் அரிசி வாங்குகிறவன் மாதிரி, அதே வாசலில் அது உள்ளே நுழைந்துவிடுகிறது. ஆர்சனிக் இப்படித்தான் பாஸ்பேட்டின் வழியிலும், காட்மியம் துத்தநாகம், இரும்பு ஆகியவற்றின் வழியிலும் போகின்றன. உள்ளே வந்த விருந்தாளி விஷம் என்று தெரிந்ததும் செடி தற்காப்பில் இறங்கும். கந்தகம் நிறைந்த சிறு புரதத் துண்டுகளைச் செய்து காட்மியம் போன்ற உலோகங்களைக் கட்டிப்போடும், பிறகு செல்லுக்குள் இருக்கும் வெற்றுப்பையில் தள்ளிப் பூட்டிவைக்கும்.

குரோமேட்டை வெங்காயத்தாமரை இன்னொரு மாதிரியும் கையாள்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நார்மன் டெர்ரியின் குழு 1998-ல் எக்ஸ்-கதிர் நிறமாலை முறையில் இதைப் பார்த்தது. ஆறு இணைதிறன் குரோமியம் கொடுக்கப்பட்ட செடியின் மெல்லிய பக்கவேர்களிலேயே அது மூன்று இணைதிறன் குரோமியமாக மாறிவிட்டிருந்தது. அதாவது விஷம் மிகுந்த வடிவத்தை விஷம் குறைந்த வடிவமாக்கி வைத்துக்கொள்கிறது. எனக்குச் செடியின் மேல் மரியாதை வருவது இந்த இடத்தில்தான். ராணிப்பேட்டை மாதிரியான மஞ்சள் கசிவுக்கு இந்தக் குணம் பயன்படும். டேனரியின் பச்சைத் தண்ணீரில் ஏற்கனவே மூன்று இணைதிறன் குரோமியம்தான் இருப்பதால், அங்கே இந்தத் திறமைக்கு வேலையே இல்லை.

"அப்ப விட வேண்டியதுதானே தம்பி, என்ன தயக்கம்?" என்றார் சித்தப்பா.

பேப்பரும் பேனாவும் கேட்டேன். ஒரு கிலோ காய்ந்த செடியில் ஒரு கிராம் குரோமியம் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். பச்சையாக இருக்கும்போது வெங்காயத்தாமரையில் சுமார் 95 விழுக்காடு தண்ணீர். ஒரு கிலோ உலர் செடி வேண்டுமென்றால் 20 கிலோ பச்சைச் செடி அள்ள வேண்டும். டிரம்மிலிருந்து நேராக வந்த தண்ணீர் நாளைக்கு 10,000 லிட்டர், லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் குரோமியம் என்றால், மொத்தம் 20 கிலோ. அதைப் பிடிக்க 20 டன் உலர் செடி, அதாவது 400 டன் பச்சைச் செடி, தினமும். நல்ல வெயிலில் சதுர மீட்டருக்கு நாளைக்கு 20 கிராம் உலர் எடை விளைகிறது என்று தாராளமாகவே வைத்தாலும், அதற்கு 250 ஏக்கர் குளம் வேண்டும். இத்தனைக்கும் அந்தப் பச்சைத் தண்ணீர் அமிலம். செடி அதில் மிதப்பதற்குள் வெந்துபோகும்.

இப்போது கணக்கை மாற்றுவோம். வேதியியல் முறையில் குரோமியத்தை முதலில் பிரித்தாயிற்று, மிச்சம் லிட்டருக்கு 2 மில்லிகிராம், தண்ணீர் நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர். மொத்தக் குரோமியம் 200 கிராம். அதற்கு 200 கிலோ உலர் செடி, 4 டன் பச்சைச் செடி, இரண்டரை ஏக்கர் குளம். பெரிய வேலைதான், ஆனால் மனிதர்கள் செய்யக்கூடிய வேலை. செடியின் இடம் எங்கே என்பதை இந்த இரண்டு கணக்குகளும் காட்டிவிடுகின்றன. கடைசிக் கட்டத்தில் மிச்சம் மீதியைத் துடைப்பதற்கு அது ஆகும். முதல் கட்டத்தில் நிறுத்தினால் செடியும் சாகும், ஆறும் சாகும்.

முதல் கட்டத்துக்கு நல்ல வழி ஏற்கனவே இருக்கிறது. பச்சைத் தண்ணீரை மற்றக் கழிவோடு கலக்கவிடாமல் தனியாகப் பிடித்து, மக்னீசியம் ஆக்சைடைப் போட்டால் குரோமியம் அடியில் கெட்டியாகப் படியும். மேலே தெளிந்ததை இறுத்துவிட்டு, படிவில் கந்தக அமிலம் ஊற்றினால் மறுபடியும் குரோமியம் சல்பேட் கரைசல். அதை மீண்டும் டிரம்மில் ஊற்றலாம். அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் ஊக்குவித்துவந்த முறை இது. காசு கொடுத்து வாங்கிய பவுடர் சாக்கடைக்குப் போகாமல் திரும்பி வருகிறது. செடியை நம்பி இதைச் செய்யாமல் விடுகிறவர் தன் பாக்கெட்டிலிருந்தே பணத்தைக் கொட்டுகிறார்.

செடியைத் தனியாக மிதக்கவிடுவதைவிட, அதற்கென்று ஒரு சதுப்பு நிலத்தைக் கட்டுவதுதான் பலன் தரும். 1950-களில் ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற தாவரவியலாளர் இதற்குப் பிள்ளையார்சுழி போட்டார். அடியில் நீர் புகாத விரிப்பு, அதன் மேல் ஜல்லியும் மணலும், அதில் நாணல், சம்பு, கல்வாழை. தண்ணீர் ஒரு முனையில் நுழைந்து, ஜல்லிக்குள்ளேயே மெதுவாக நகர்ந்து, மறுமுனையில் வெளியேறும். பார்க்கிறவர்கள் நாணலைப் பாராட்டுவார்கள். உள்ளே வேலையில் பெரும்பங்கு வேறு ஆட்களுடையது. காற்றில்லாத அடிப்பகுதியில் சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியாக்கள் சல்பைடை வெளிவிடும். ஈயம், துத்தநாகம், காட்மியம் எல்லாம் அதோடு சேர்ந்து கரையாத சல்பைடாகி ஜல்லியில் தங்கிவிடும். நாணல் தன் உள்ளீடற்ற தண்டு வழியாக வேருக்குக் காற்றை அனுப்புகிறது. அந்தக் காற்று பட்டு வேரைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் இரும்புத் துரு படியும், அந்தத் துருவும் உலோகங்களைப் பிடித்துவைக்கும். சம்பைப் பிடுங்கி வேரைக் கழுவினால் போகாமல் நிற்கும் செந்நிறம் அதுதான். இதனால் ஒரு சௌகரியமும் உண்டு, ஒரு தலைவலியும் உண்டு. தினமும் டன் கணக்கில் செடி அறுக்க வேண்டாம். ஆனால் பல வருடம் கழித்து அந்த ஜல்லிப் படுகை முழுக்க உலோகம் ஏறியிருக்கும். அன்றைக்கு அதைத் தோண்டி எடுக்க வேண்டும்.

டேனரித் தண்ணீரில் இன்னொரு வில்லங்கம், உப்பு. குரோமியத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம், பாலாற்றங்கரைக் கிணறுகளை அதிகம் கெடுத்தது உப்புதான் என்பது என் எண்ணம். பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பைக் கொட்டித்தான் அனுப்புகிறார்கள். டேனரிக்கு வந்ததும் முதல் வேலை அதை ஊறவைத்துக் கழுவுவது. அந்த உப்பு முழுக்கத் தண்ணீரில். வெங்காயத்தாமரை உப்பைத் தாங்காது, நுனியிலிருந்து கருகி வரும். சம்பும் நாணலும் கொஞ்சம் தாங்கும். தாங்கினாலும் உப்பை எடுத்துத் தராது. அதனால்தான் எதிர்ச் சவ்வூடு பரவல் எந்திரம், ஆவியாக்கும் கொப்பரை என்று அத்தனை கோடிச் செலவு. சித்தப்பாவின் "எதுக்கு பிளான்ட்டு" என்ற கேள்விக்குப் பாதிப் பதில் உப்பில் இருக்கிறது.

இதற்கெல்லாம் அப்பாற்பட்ட செடிகளும் உலகத்தில் உண்டு. வேரில் நிறுத்தாமல் இலைக்கே உலோகத்தை ஏற்றிக் குவிப்பவை. நியூ கலிடோனியாவில் ஒரு மரம், கீறினால் நீலப்பச்சைப் பால் வடியும். காய்ந்த அந்தப் பாலின் எடையில் கால்பங்குக்கு நிக்கல். 1976-ல் இதை அறிவித்தார்கள். மலேசியாவின் சபா மாநிலத்தில் நம்ம கீழாநெல்லியின் சொந்தக்காரச் செடி ஒன்று இருக்கிறது, பைலாந்தஸ் ரூபுஸ்சேனியை என்று பெயர். அதைத் தறித்து, எரித்து, சாம்பலிலிருந்து நிக்கல் எடுப்பதையே ஒரு வேளாண்மையாகச் செய்ய முடியுமா என்று பார்க்கிறார்கள். பழைய சுண்ணாம்புச் சுவரிலும் கிணற்று உள்பக்கத்திலும் முளைக்கும் ஒரு பெரணி, டெரிஸ் விட்டாட்டா, ஆர்சனிக்கை இலையில் குவிக்கிறது. ஆர்சனிக் மருந்து ஏற்றிய மரக்கட்டைகளால் கெட்டுப்போன ஒரு புளோரிடா நிலத்தில் லீனா மாவின் குழு இதைக் கண்டுபிடித்து, 2001-ல் 'நேச்சர்' இதழில் எழுதியது. இலையில் குவிக்கும் ரகம் இல்லாவிட்டாலும், செர்னோபில் உலைக்கருகே ஒரு குளத்தில் சூரியகாந்தியைத் தெப்பத்தில் மிதக்கவிட்டு, சீசியத்தையும் ஸ்ட்ரான்சியத்தையும் வேரால் பிடித்த சோதனையும் நடந்திருக்கிறது.

இவற்றில் ஒன்றும் குரோமியத்தை இலையில் அள்ளிக் குவிக்கும் ரகம் இல்லை. குரோமியத்தைப் பெரும்பாலான செடிகள் வேரோடு நிறுத்திவிடுகின்றன. அறுக்கும்போது மேலே உள்ள இலையை மட்டும் அறுத்தால் குரோமியம் குளத்திலேயே இருக்கும். வேரோடு தூக்க வேண்டும்.

வேரோடு தூக்கியாயிற்று, கரையில் போட்டாயிற்று. நம் ஊரில் ஏரி தூர்வாரும்போது நடப்பது இதுதான்: ஜேசிபி செடியை அள்ளிக் கரையில் குவிக்கும், போட்டோ எடுப்பார்கள், ஒரு மழையில் அது அழுகி, கசிந்து, ஏரிக்கே திரும்பும். சாதாரண ஏரியில் அது வெறும் வீண்வேலை. உலோகம் ஏறிய செடியில் அது விஷத்தைத் திருப்பிக் கொடுப்பது. மாடு வந்து மேயும். யாராவது உரக்குழிக்கு இழுத்துப் போவார்கள், அந்த உரம் கீரைப்பாத்திக்குப் போகும். உலோகத்தை உள்ளே வாங்கும் திறமை வெங்காயத்தாமரைக்கு மட்டும் உள்ளதல்ல, கீரைக்கும் உண்டு. காட்மியம் கலந்த நீரில் வளரும் தண்டுக்கீரை கழுவினால் போகாத அளவுக்கு அதை இலையிலேயே வைத்திருக்கும். உலோகச் சோதனைகளில் விஞ்ஞானிகள் விரும்பி வளர்க்கும் செடி நாம் தாளிக்கும் கடுகுதான் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஆகவே கழிவுநீரில் வளர்த்த செடியை அறுத்ததும் முதலில் சிமென்ட் தளத்தில் காயவைக்க வேண்டும். அதிலிருந்து வடியும் நீர் மறுபடி சுத்திகரிப்புத் தொட்டிக்கே போகும்படி வாய்க்கால் வேண்டும். காய்ந்தால் 4 டன் பச்சைச் செடி 200 கிலோவாகும், இந்த வழியின் மிகப் பெரிய லாபம் அதுதான். எரித்தால் இன்னும் குறையும், ஆனால் திறந்தவெளியில் எரிக்கக்கூடாது. சாம்பலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தும் சூடும் காற்றும் சேர்ந்தால் மூன்று இணைதிறன் குரோமியம் மறுபடி ஆறு இணைதிறனாக மாறக்கூடும். செடி செய்த நல்ல வேலை அடுப்பில் தலைகீழாகும். சாம்பலிலோ உலர்செடியிலோ உலோகம் வரம்பைத் தாண்டியிருந்தால், 2016-ம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகள் அதற்கும் பொருந்தும். கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற பாதுகாக்கப்பட்ட கிடங்குக்குத்தான் அதை லாரியில் ஏற்ற வேண்டும்.

சித்தப்பாவின் தெருவில் பசுமைச் சுத்திகரிப்பு என்று சொல்லி ஒருவர் திட்ட அறிக்கையோடு வந்துபோனாராம். அறிக்கையை நானும் புரட்டிப் பார்த்தேன். செடி வாங்கும் செலவு, குளம் வெட்டும் செலவு, அழகான வரைபடம் எல்லாம் இருந்தன. ஒரு நாளைக்கு எத்தனை கிராம் குரோமியம் வரும் என்ற கணக்கு இல்லை. வாரத்துக்கு எத்தனை பேர் இறங்கி அறுப்பார்கள், அவர்கள் கைக்கும் காலுக்கும் என்ன பாதுகாப்பு என்ற வரி இல்லை. கிடங்குக்குப் போகும் லாரி வாடகையும் இல்லை. அந்த மூன்றையும் எழுதி வாங்கிவரும்படி சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். வெங்காயத்தாமரைக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்றும், வெட்டும் குளத்திலிருந்து ஒரு துண்டுகூட வெள்ளத்தில் ஏரிப் பக்கம் போகாதபடி வெளிவாயில் கம்பிவலை கட்ட வேண்டும் என்றும் தனியாகக் குறித்துக் கொடுத்தேன்.